வேலை போனவர் கையில் ஒரு பழைய போட்டோ

"வேலை போனப்ப எப்படி இருந்துச்சு?" என்று ஒருவரிடம் நேராகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும். கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் 26 வருடம் ரிங் ஃப்ரேம் என்ற நூல் நூற்கும் மெஷினைக் கவனிக்கும் சைடராக இருந்த என் பெரியப்பாவிடம் நானே கேட்டிருக்கிறேன், நாலைந்து தடவை. "என்னத்தச் சொல்றது கண்ணு, மூடிப்போட்டாங்க, வெளியில வந்தோம்" என்பார். அப்புறம் பேச்சு மழைக்கும் மாட்டுக்கும் போய்விடும். அவர் எதையும் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்விக்கு அவரிடம் அவ்வளவுதான் இருந்தது.

பிறகு ஒருநாள் பீரோவை ஒழுங்கு பண்ணும்போது பெரியம்மா ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். ஆயுத பூஜை அன்று மில்லுக்குள் எடுத்தது. மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். பெரியப்பா இடது ஓரத்தில், ஒரு கையை மெஷின்மேல் வைத்தபடி. போட்டோவை வாங்கியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார், அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் பேச்சு நிற்கவில்லை. அந்த மெஷின் அன்றைக்கு மட்டும்தான் சும்மா நின்றது என்றார். மற்ற நாளில் அங்கே நின்று வாயால் பேச முடியாது, அவ்வளவு இரைச்சல், எல்லாம் கை ஜாடைதான் என்று ஒவ்வொரு ஜாடையாகச் செய்து காட்டினார். அறுந்த இழையை ஒட்டுவது எப்படி என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் உருட்டினார், விரல்கள் தாமாகவே போயின. கடைசியில், மில் சங்கு நின்ற பிறகும் விடிகாலை நாலரை மணிக்கு முழிப்பு வந்து, போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாதங்களைப் பற்றியும் சொன்னார். நான் நாலைந்து தடவை கேட்டும் வராத பதில் அதுதான். இந்த முறை நான் அதைக் கேட்கவே இல்லை.

சமூக ஆய்வில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். கேள்விப் பட்டியலை மட்டும் நம்பாமல், ஒரு புகைப்படத்தை இருவருக்கும் நடுவில் வைத்துப் பேட்டி எடுப்பது. படம் ஆய்வாளர் எடுத்ததாக இருக்கலாம், ஏதோ ஒரு பழைய சேகரிப்பிலிருந்து வந்ததாக இருக்கலாம், பேட்டி கொடுப்பவரே எடுத்ததாகவும் இருக்கலாம். படவழிப் பேட்டி என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்து எழுதியவர் ஜான் காலியர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் வேளாண் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக, ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின்கீழ் படம் எடுத்தவர். பிறகு கார்னெல் பல்கலைக்கழகம் கனடாவின் கிழக்குக் கடலோரப் பகுதியில் நடத்திய ஓர் ஆய்வில் சேர்ந்தார். மக்களின் மனநலத்துக்கும் அவர்கள் வாழும் சூழலுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அந்த ஆய்வு. மக்களை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த மாவட்டத்துக்கே ஸ்டெர்லிங் என்று மாற்றுப் பெயர் வைத்திருந்தார்கள். அங்கே சிலரிடம் படங்களோடும் சிலரிடம் படங்கள் இல்லாமலும் பேட்டி எடுத்து ஒப்பிட்டார்கள். காலியர் இதை 1957இல் கட்டுரையாக எழுதினார். படம் இல்லாத பேட்டிகள் அன்றைய மனநிலையைப் பொறுத்து எங்கெங்கோ அலைந்தன, திரும்பத் திரும்பப் போனால் மக்கள் சலித்துப்போனார்கள். படம் வைத்த பேட்டிகளில் விவரம் துல்லியமாக வந்தது, நீண்ட நேரம் பேசினார்கள், அடுத்த முறை போனபோதும் அலுக்காமல் பேசினார்கள்.

ஏன் அப்படி? பிற்காலத்தில் இந்த முறையைப் பரவலாக்கிய சமூகவியலாளர் டக்ளஸ் ஹார்ப்பர் 2002இல் எழுதிய கட்டுரையில், காட்சியைக் கையாளும் மூளைப் பகுதிகள் பரிணாம வரிசையில் மொழியைக் கையாளும் பகுதிகளைவிடப் பழையவை, அதனால் படம் இன்னும் ஆழமான அடுக்குகளைத் தொடுகிறது என்று ஒரு விளக்கம் தந்தார். இருக்கலாம். எனக்கு அதைவிட நம்பும்படியாக இருப்பது, உட்காரும் விதம் மாறிப்போவதுதான். சாதாரணப் பேட்டியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருகிறார்கள், ஒருவர் கேட்கிறார், ஒருவர் விசாரிக்கப்படுகிறார். வேலை போனவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பழக்கமானது, வேலைவாய்ப்பு அலுவலகத்திலும், செட்டில்மென்ட் பேச்சுவார்த்தையிலும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் இப்படித்தான் அவரை உட்காரவைத்துக் கேட்டிருப்பார்கள். நடுவில் ஒரு படம் வந்துவிட்டால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்க்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அமைதியாக இருந்தாலும் சங்கடமில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். முக்கியமாக, அந்தப் படத்தில் இருப்பது என்னவென்று ஆய்வாளருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். வேலையை இழந்து நின்றவர் அந்த நேரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறவராக ஆகிறார்.

வேலையிழப்பு ஆய்வில் இது ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது, அந்த ஆலை 1929, 1930இல் படிப்படியாக மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அடங்கிய குழு அங்கே இருந்த 478 குடும்பங்களையும் ஆராய்ந்து 1933இல் வெளியிட்டது. அவர்கள் கேள்வி கேட்டதைவிடக் கவனித்துப் பார்த்தது அதிகம். தெருவில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று கடிகாரத்தோடு கணக்கெடுத்தார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் வேகமாகப் போனார்கள், ஆண்கள் மெதுவாகப் போய் நின்று நின்று போனார்கள். படிக்க நேரம் நிறையக் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. யஹோடா பிற்காலத்தில் இதிலிருந்து ஒரு கருத்தை வளர்த்தார்: வேலை என்பது சம்பளத்தோடு கூடவே நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், சேர்ந்து செய்யும் ஒரு காரியம், ஊரில் ஓர் இடம், உடம்பும் மனசும் இயங்கக் காரணம் ஆகிய ஐந்தையும் தருகிறது, வேலை போகும்போது இவை எல்லாம் ஒன்றாகப் போகின்றன.

சம்பளம் போனதை ஒருவரால் தொகையாகச் சொல்ல முடியும். மற்ற ஐந்தையும் எப்படிச் சொல்வது? "எனக்கு ஊரில் இருந்த இடம் போய்விட்டது" என்று யாரும் பேட்டியில் சொல்வதில்லை. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் கூட்டமாக வெளியே வரும் ஒரு படத்தைக் காட்டினால், எந்த டீக்கடையில் நிற்பார்கள், யார் காசு கொடுப்பார், மேஸ்திரியைக் கண்டால் யார் சிகரெட்டை மறைப்பார் என்று வரும். அந்த இடம் என்பது இதெல்லாம்தான்.

சரி, எந்தப் படத்தைக் காட்டினாலும் இப்படி நடக்குமா? நடக்காது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஹார்ப்பருக்குக் கிடைத்த தோல்வி. நியூயார்க் மாநிலத்தின் வடக்குப் பகுதியில் பால் பண்ணை விவசாயிகளிடம் அவர் ஆய்வு செய்தார். தானே போய் விவசாய வேலைகளைப் படம் எடுத்து வந்து அவர்களிடமே காட்டினார். பெரிதாக எதுவும் வரவில்லை. அவர்கள் தினமும் பார்ப்பதைத்தானே அவர் காட்டினார், அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது. பத்திரிகையில் வருகிற அழகான விவசாயப் படம் மாதிரி இருந்தன என்று அவரே ஒத்துக்கொண்டார். அப்புறம் வானத்திலிருந்து எடுத்த படங்களைக் காட்டினார், 1940களில் ஒரு எண்ணெய் நிறுவனத்துக்காக எடுத்து ஆவணக் காப்பகத்தில் கிடந்த படங்களையும் காட்டினார் (அந்தப் படத் திட்டத்தை நடத்தியவரும் அதே ராய் ஸ்ட்ரைக்கர்தான்). உடனே பேச்சு மாறியது. அறுவடைக் காலத்தில் அண்டை வீட்டு விவசாயிகள் ஒருவர் நிலத்துக்கு ஒருவர் வந்து உழைத்துக் கொடுத்த காலத்தை வயதானவர்கள் நினைவுகூர்ந்தார்கள், அத்தனை பேருக்கும் பெண்கள் சமைத்துப் போட்டதையும், இயந்திரம் வந்த பிறகு ஒருவரை ஒருவர் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போனதையும் சேர்த்து.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: படம் கொஞ்சம் விலகியிருக்க வேண்டும். காலத்தால் விலகியிருக்கலாம், கோணத்தால் விலகியிருக்கலாம். வேலை போனவருக்கு இந்த விலகல் ஏற்கெனவே நடந்துவிட்டது, அதனால்தான் ஒரு சாதாரண குரூப் போட்டோகூட அவர் கையில் வேலை செய்கிறது. வேலையில் இருந்தபோது அதே போட்டோவைக் காட்டியிருந்தால் என் பெரியப்பா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தில் நடந்த ஒரு வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மில்டன் ரோகோவின் அங்கே கண் பரிசோதனை செய்து கண்ணாடி கொடுக்கும் தொழில் செய்தவர். 1957இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு விசாரணைக் குழு அவரை அழைத்தது, உள்ளூர்ப் பத்திரிகை அவரை ஊரின் பெரிய சிவப்புக்காரர் என்று எழுதியது, தொழில் படுத்தது. அதன்பிறகுதான் அவர் தீவிரமாகக் கேமராவைக் கையில் எடுத்தார். 1970களில் உருக்காலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் வேலை செய்தவர்களை அவர்கள் வேலை இடத்தில் ஒரு படம், அவர்கள் வீட்டில் ஒரு படம் என்று எடுத்தார். எப்படி நிற்க வேண்டும் என்று அவர் சொல்வதில்லை, நிற்பவரே முடிவு செய்துகொள்வார். சில வருடங்களில் அந்த ஆலைகளே இல்லாமல் போயின. பக்கத்து லாக்கவானாவில் பெத்லகேம் ஸ்டீல் நிறுவனம் மூடல் அறிவிப்பை 1982 கிறிஸ்துமஸை ஒட்டி வெளியிட்டது, 1983இல் எஃகு உற்பத்தி நின்றது, 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. ரோகோவின் 1980களில் அதே மனிதர்களைத் தேடிப்போய் மறுபடியும் படம் எடுத்தார். வரலாற்றாசிரியர் மைக்கேல் ஃபிரிஷ் அவர்களிடம் விரிவான பேட்டிகள் எடுத்தார். படங்களும் பேச்சும் சேர்ந்து 1993இல் புத்தகமாக வந்தன.

வேலை இடத்துப் படத்தையும் வீட்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஆள் என்று சட்டென்று சொல்ல முடியாத ஜோடிகள் உண்டு. உலைக்கு முன்னால் தலைக்கவசமும் கரியுமாக நிற்கும் பெண், வீட்டில் பூப்போட்ட சோபாவில் குழந்தைகளோடு. தொழிலாளி என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்காத ஆட்கள் இவர்கள், ஆலை மூடியதால் முழுசாக நொறுங்கிப்போனவர்கள் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிடவும் முடியாது. ஆலை மூடலைப் பற்றி எழுதும்போது நாம் எல்லோருமே செய்கிற தவறு இது: வேலை போன அன்றே அந்த மனிதரின் கதையை முடித்துவிடுகிறோம். இரண்டாவது படம், மூன்றாவது படம் என்று வரும்போது கதை அப்படி முடியவில்லை என்று தெரிகிறது. சிலர் வேறு வேலைக்குப் போனார்கள், சிலருக்கு வீடு பெரிதானது, சிலருக்கு உடம்பு கெட்டது. ஆலை வேலையைத் திரும்பிப் பார்த்தால் பெருமையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. நல்ல சம்பளம், நல்ல கூட்டாளிகள், கூடவே சூடும் தூசியும் விபத்து பயமும்.

இந்த முறைக்கு ஆண்களைப் பேசவைக்கும் பலம் தனியாக உண்டு என்று காட்டிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் இறைச்சிக்கடைத் தொழிலாளர்களிடம் நடாஷா ஸ்லுட்ஸ்கயாவும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 2012இல் வெளியிட்டது. தங்கள் வேலையைப் பற்றி உணர்ச்சியோடு பேசுவது தங்களுக்குப் பழக்கமில்லை என்று இருந்த ஆண்கள், படம் இருந்ததால் பெருமையையும் வருத்தத்தையும் தொட்டுப் பேசினார்கள். ஹேரியட் ஷார்ட் என்பவர் சலூன்களில் முடிதிருத்துவோர் கையில் கேமராவைக் கொடுத்தார். தங்கள் கருவிகளை எடுத்தார்கள், அதோடு மாடிப்படி, கழிப்பறை, வாசல் போன்ற யாரும் கவனிக்காத இடங்களையும் எடுத்து வந்தார்கள். வாடிக்கையாளர் முன்னால் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு ஐந்து நிமிஷம் தாங்களாக இருக்கக் கிடைத்த இடங்கள் அவை. ஒரு வேலை போகும்போது இந்த மாடிப்படியும் போகிறது, எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் அது வராது.

இன்னொரு வகைப் படத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மூடிய ஆலைகளின் அழகான படங்கள்: உடைந்த கண்ணாடி வழியே வெயில், துருப்பிடித்த இயந்திரம், கூரையில் முளைத்த ஆலஞ்செடி. டெட்ராய்ட்டில் ஆரம்பித்து மும்பை வரை எடுத்துக் குவித்திருக்கிறார்கள். அவற்றில் மனிதர்கள் இருப்பதில்லை, அதனாலேயே அவை யார் வீட்டுச் சுவரிலும் நிம்மதியாகத் தொங்குகின்றன. அதே படத்தை அங்கே வேலை செய்தவரிடம் கொடுத்துப் பாருங்கள், "இது கார்டிங், பஞ்சு சீவுற எடம், இந்தத் தூணுக்குப் பின்னாடிதான் தண்ணிப் பானை" என்று ஆரம்பித்து அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுவார். அப்படிக் காட்டினால் இடிபாட்டுப் படத்துக்கும் பயன் உண்டு, அந்த அளவுக்கு மட்டும்.

புகைப்படத் தொழிலே ஆட்களை வெளியே அனுப்பிய கதையும் இதில் சேரும். ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்தில் மட்டும் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள். 2007 அக்டோபரில் அங்கே இரண்டு கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தபோது கூடி நின்று பார்த்தவர்கள் கையில் டிஜிட்டல் கேமராக்கள் இருந்தன. ராபர்ட் பர்லி என்ற கனடியப் புகைப்படக்காரர் அந்தக் கூட்டத்தைப் படமெடுத்திருக்கிறார். நம் ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸும் பிறகு மூடிப்போனதுதான். இந்து என்ற பெயரில் அங்கே தயாரான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எத்தனை குடும்பங்களின் ஆல்பம் இருக்கும். அந்த ஃபிலிமுக்கு இருட்டறையில் பூச்சு போட்டவர்களின் வேலையை யார் படம் எடுத்திருப்பார்கள்? வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் வேலை அது.

படவழிப் பேட்டியின் மிகப் பெரிய பலவீனமும் இதுவே என்று நினைக்கிறேன். படம் இருப்பவர்கள்தான் பேசுவார்கள். நிறுவனம் எடுத்த படங்களில் புது மெஷினும், வந்துபோன மந்திரியும், பொன்விழாவும் இருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி இருக்க மாட்டார். அகமதாபாத்தில் 1980கள், 90களில் ஆலைகள் வரிசையாக மூடி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். ஆய்வாளர் யான் பிரெமனும் புகைப்படக்காரர் பார்த்திவ் ஷாவும் 2004இல் கொண்டுவந்த புத்தகம், ஆட்டோவும் தள்ளுவண்டியுமாகச் சிதறிய அந்த மனிதர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்தது. அப்படித் தேடிப்போக ஒருவர் இருந்தால்தான் உண்டு. இன்றைக்குப் பல எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ஆளாளுக்குக் கேமரா இருக்கும் காலத்தில் தாங்கள் வேலை செய்த லைனில் எடுத்த ஒரு படம்கூட இல்லாமல் அங்கே வேலை செய்த பெண்கள் வெளியே வருகிறார்கள். ஐ.டி. கம்பெனிகளில் வேறு மாதிரி. டீம் அவுட்டிங், பிறந்தநாள் கேக், டேக் மாட்டிய செல்ஃபி என்று படங்கள் ஆயிரம், ஆனால் செய்த வேலை எதிலும் இல்லை, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததும் அது கண்ணிலிருந்தே போய்விட்டது.

இப்படிப்பட்ட இடங்களில் ஆய்வாளர் படத்தை எதிர்பார்க்காமல் எடுக்கச் சொல்லலாம். 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் சீனாவின் யுன்னானில் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து அவர்கள் வாழ்க்கையை அவர்களையே எடுக்கச் சொன்னார்கள். வேலை போனவரிடம் இப்போது எதை எடுப்பீர்கள் என்று கேட்டால் காலியான டிபன் பாக்ஸோ, அலமாரியில் மடித்து வைத்த யூனிஃபார்மோ, மதியம் மூன்று மணி வெயில் விழுந்த வீட்டுத் தரையோ வரலாம். வேலை இல்லாத நாளைப் படம் எடுப்பது கஷ்டம்தான், அந்தக் கஷ்டத்தைப் பற்றிக் கேட்டாலே பேட்டி தொடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. குரூப் போட்டோவில் இருக்கும் மற்றவர்கள் யாரும் இந்த ஆய்வுக்குச் சம்மதம் தரவில்லை, அவர்களில் சிலர் இறந்தும் போயிருப்பார்கள். படத்தைக் காட்டி அழவைத்துவிட்டு டேப் ரிக்கார்டரை மூடிக்கொண்டு போகக் கூடாது. ஒரு படத்துக்கு ஒரு பேட்டி என்று அவசரப்படவும் கூடாது, இரண்டாம் தடவை அதே படத்தைப் பார்க்கும்போதுதான் பின்வரிசை ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த ஆயுத பூஜை போட்டோவை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு, "பெரியப்பா, நூல் சுத்துற ரீலிங்ல அவ்வளவு பொம்பளையாளுக இருந்தாங்கன்னு சொன்னீங்க, இதுல ஒருத்தரையும் காணோமுங்களே?" என்று கேட்டேன். அவர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, ஆமாங் கண்ணு. அவங்கள யாரும் கூப்பிடலையாட்டம் இருக்குது" என்றார். பிறகு போட்டோவைக் கீழே வைத்துவிட்டு, ரீலிங்கில் யார் யார் எந்த வரிசையில் உட்காருவார்கள் என்று வாசல் பக்கத்திலிருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அடுப்படியிலிருந்து பெரியம்மா, "மூணாவது ஆளு அதில்லீங்க, அவங்க தங்கச்சி" என்று திருத்தினார். அவரும் அங்கே ஏழு வருடம் வேலை செய்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.